வீல்சேரின் அகலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் இங்கே சிங்கப்பூரில் நலம்.

நடக்க முடியாதவர்களுக்கு வீல்சேர் ஏறும் வண்டி பிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. நேற்று ஒரு பெரியவரைப் பேத்தி கல்யாணத்துக்கு அனுப்பினேன்.

"எங்க வீட்ல எல்லா எடத்துலயும் கேட்டாச்சு, வண்டியே இல்லன்னுட்டாங்க தம்பி. நீங்க ஒரே போன்ல புடிச்சிட்டீங்களே!" என்று சிரித்தார்.

தங்கை கிறிஸ்டி கல்யாணத்தன்று வேட்டி கட்டிக் காத்திருந்த உங்களிடம், "காரைக்கால் முழுக்கத் தேடிட்டேன், வண்டி கிடைக்கல" என்றேன். அப்பா, நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. சர்ச் வாசலில் எல்லோர் முன்னும் உங்களை இறக்க வெட்கப்பட்டேன்.

டிசம்பரில் வருகிறேன். அம்மாவிடம் தையல் டேப்பால் உங்கள் வீல்சேரின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், அம்மா கையாலேயே எழுதட்டும். முன்பின் தெரியாதவர்களிடம்கூட நான் முதலில் கேட்பது அதைத்தான். உங்களுடையது எனக்குத் தெரியவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

ரொனால்ட்