இரண்டரை மணி வெயில்

தியாகராய நகர்,
19.4.2025

அன்பு மகன் நதீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அக்கா கமரும் இறைவன் கருணையால் நன்றாக இருக்கிறோம். போனில் நீ பேசுவது என் காதில் விழுவதில்லை, அதனால்தான் கடிதம்.

நீ அக்காவிடம் சொன்னபடி காலை நடையை விட்டுவிட்டேன். இப்போது மதியம் இரண்டரைக்குப் பாண்டி பஜாரில் நடக்கிறேன். என் ஆஸ்துமாவை நினைத்து, தூசி குறைந்த நேரம் பார்த்துச் சொன்னாயே, சந்தோஷம். ஆனால் வெயில் கொடுமை. சிக்னலில் நிற்கும் வண்டிகளைத் தாண்டும்போது தொண்டை எரிகிறது. துணிக்கடைக் காவலாளி சேரன், "இன்னா பாய், இந்த வெயில்ல நடந்துக்கினு கீறீங்க?" என்றான். "புனேல கீற என் புள்ள பாத்து சொன்ன டைம்பா" என்றேன்.

இந்தப் பெருநாளுக்கும் நீ வரவில்லை. வேலை இருந்திருக்கும்.

துஆவுடன்,
அத்தா
மெஹபூப் அலி


புனே,
26.4.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பயப்படாதீர்கள். காலையில்தான் தூசி அதிகம். வெயில் ஏறினால் காற்று மேலே எழும்பி, தூசி கலைந்துவிடும். உங்கள் பகுதிக் காற்றில் தூசி எவ்வளவு என்ற அளவை நான் தினமும் போனில் பார்க்கிறேன். தொண்டை எரிவது சூட்டினால்தான். குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள். நடையை மட்டும் நிறுத்த வேண்டாம், சர்க்கரை ஏறிவிடும்.

மே மாதம் வரப் பார்க்கிறேன்.

உங்கள்
நதீம்


புனே,
2.6.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

மே பதினாறாம் தேதி நீங்கள் நடக்கும்போது மூச்சு முட்டி விழுந்ததையும், சேரன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் அக்கா சொன்னாள். "நீ சொன்ன டைம்லதான்டா போனாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் என் போனை எடுப்பதில்லை.

இங்கே ஒரு டாக்டரைக் கேட்டேன். வண்டிப் புகை கடும் வெயிலில் ஓசோன் என்ற வாயுவாக மாறுமாம். கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். மதியத்துக்கு மேல்தான் உச்சம். ஆஸ்துமாக்காரருக்கு அது விஷம். நான் போனில் பார்த்தது தூசி அளவை மட்டும். அதற்குக் கீழேயே ஓசோன் அளவும் இருந்திருக்கிறது.

தினமும் பார்க்கிறேன் என்று எழுதியது பொய், அத்தா. ஏப்ரலில் ஒரு நாள், மீட்டிங் நடுவே, ஒரு நிமிடம் பார்த்தேன். அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். என்னை மன்னிப்பீர்களா? லீவு கிடைத்ததும் வருகிறேன்.

நதீம்


தியாகராய நகர்,
10.6.2025

அன்பு மகன் நதீமுக்கு,

வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை. பக்ரீத் தொழுகையை வீட்டிலேயே உட்கார்ந்து தொழுதேன். நீ வருவாய் என்று கமர் உனக்கும் சேர்த்துத்தான் பிரியாணி போட்டாள். அவள் கோபம் ஆறிவிடும். இங்கே டாக்டர் கேட்டபோது, அந்த நேரத்தில் நடந்தது என் யோசனை என்றே சொன்னேன்.

தொண்டை எரிந்தபோதே நான் நிறுத்தியிருக்கலாம். சேரன் தடுத்தான், கமர் தடுத்தாள். மனம் வரவில்லை. இரண்டரைக்குச் செருப்பை மாட்டும்போதெல்லாம், என் மகன் அங்கே உட்கார்ந்து எனக்காகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பேன். மூன்று வருடமாக நீ வராதது அந்த ஒரு மணி நேரம் மறந்துபோகும்.

நீ தப்பாகச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. தெரியாமல் சொன்னாய், அதை அன்றே மன்னித்துவிட்டேன். ஆனால் ஒரே ஒரு நாள், ஒரு நிமிடம்தான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே நதீம், அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

அத்தா