வாப்பா இறைத்துத் தந்த போத்தல்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள் அடைந்திருக்கிற உங்களுக்குக் கால் வீக்கம் வற்றியதா? போனில் கதைத்தால் இருவரும் அழுதே டேட்டாவை முடிக்கிறோம், அதுதான் கடிதம்.

கோலாலம்பூரில் எனக்கு ஒரு குறையுமில்லை. தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் கலந்திருந்தால் பச்சையாக மினுங்கும்படி இங்கே கிருமிகளை மாற்றி வளர்க்கிறோம். போன கிழமை ஒரு கருத்தடை மாத்திரையைக் கரைத்து, ‘சேர் குடிக்கிற தண்ணீர்’ என்று எழுதி வைத்தேன். கிருமியெல்லாம் கலியாண வீடு மாதிரி ஜொலித்தது. பேராசிரியர் சேருக்கு வியர்த்துவிட்டது. மாத்திரை ஆய்வுகூடத்துடையதுதான், பயந்து தஸ்பீஹ் மணியைத் தூக்காதீங்க.

பிறகு நம் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தேன். நான் புறப்பட்ட அன்று வாப்பா இறைத்து, “உன்ட பூச்சி என்ன சொல்லுதெண்டு பாத்துச் சொல்லுடா மகன்” என்று தந்த போத்தல். ஒரு மினுக்கமும் இல்லை. “சுத்தமான தண்ணீர்” என்று சேர் முதுகில் தட்டினார். வாப்பாவுக்குச் சொல்ல போனை எடுத்துவிட்டேன், உம்மா.

மிச்சத்தைக் கீழே ஊற்றச் சொன்னார்கள். நான் அதில் முகம் கை கால் கழுவி வுழூச் செய்து, கடைசியாக மையித்தின் முகத்தையும் பார்க்கக் கிடைக்காத வாப்பாவுக்கு இங்கிருந்தே காயிப் ஜனாஸா தொழுதேன். முகத்தைத் துடைக்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இன்னொரு போத்தல் கொடுத்து விடுங்க. தங்கச்சி சஹ்லா வாப்பாவின் வாளியாலேயே இறைக்கட்டும். சோதிக்க இல்லை, குடிக்க.

ஆய்வுகூடக் கதவைப் பூட்டப் போகிறார்கள்.

உங்கள் வாலில்லாக் குரங்கு,
ஷிப்லி