பீப்பாய்க் காற்று

ஹாங்காங்கில் வேலை பார்க்கும் என் செல்ல மகள் லுஸ்மிந்தாவுக்கு, அப்பா அனஸ்தாசியோ எழுதுவது. இது என் கையெழுத்தேதான், அம்மா! முதியோர் வகுப்பு வீண்போகவில்லை. ஒரு வரி முடிவதற்குள் ஒரு சுருட்டு தீர்ந்துவிடுகிறது. இருக்கட்டும்.

புயலுக்குப் பிறகு கிணறெல்லாம் உப்பு. போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது. நிவாரணக்காரர்கள் பள்ளி மைதானத்தில் ஒரு பெரிய ரப்பர் தண்ணீர்ப் பையைப் போட்டிருந்தார்கள். நிரம்பினால் எருமைகள் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். லாரி ஏறினாலும் கிழியாது என்றார்கள். காஸ்பரின் வெட்டுக்கத்தி கிழித்தது.

அவன் வரிசையில் முந்தினான். உன் புருஷன் ருஃபோ, “பின்னாடி போடா, உங்கப்பன் வீட்டுப் பையா?” என்றான். “எனக்கில்லன்னா எவனுக்கும் இல்ல” என்று காஸ்பர் பையைக் குத்திவிட்டான். ஊரின் குடிநீர் சேற்றோடு ஓடியது. பிள்ளைகள் குப்புறப் படுத்து நக்கினார்கள். ருஃபோ அந்தக் கத்தியையே பிடுங்கி வெட்டினான். காஸ்பருக்கு இரண்டு விரல் போயிற்று.

ருஃபோ கடலடியில் மீன் குத்தும்போது படகிலிருந்து காற்றுக் குழாயைக் காப்பவன் காஸ்பரின் தம்பி லீனோ. குழாய்க்காரனை மாற்றினால் அவனைக் கொலைகாரன் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். அது உனக்கே தெரியும். ஆனாலும் மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். “அண்ணன் செஞ்சதுக்குத் தம்பி என்னப்பா பண்ணுவான்? ஒரே தட்டுல சோறு தின்னவன்” என்றான் ருஃபோ.

செவ்வாய்க்கிழமை நானும் படகில் போனேன். முன்பக்கம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கீழே ருஃபோவுக்குக் காற்றடிக்கும் இயந்திரம் நின்றது. சற்று நேரத்தில் ருஃபோ தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். மூக்கிலும் காதிலும் ரத்தம். “எண்ணெ தீந்துபோச்சு, பெரியவரே” என்றான் லீனோ.

காலமெல்லாம் மூழ்கிய என்னிடமா இந்தக் கதை? இயந்திரம் நின்றாலும் பழைய பீர்ப் பீப்பாயில் அழுத்தி அடைத்த காற்று ஒருவன் மேலே வந்துசேரப் போதும். அதற்குத்தானே அந்தப் பீப்பாய்! குழாய்க்குப் போகும் திருகைத் தொட்டுப் பார்த்தேன். இறுக மூடியிருந்தது. திறந்தேன். காற்று சீறியது, நிற்கவே இல்லை. அது அடங்குமுன் ஸ்பேனரால் லீனோவின் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. மறுபடியும் அடித்தேன். எழுதும்போதுகூட இனிக்கிறது, மாதா மன்னிக்கட்டும்.

ருஃபோதான் என் கையைப் பிடித்தான். “விடுப்பா. நான் விரல எடுத்தேன், அவன் மூச்ச எடுக்கப் பாத்தான். சரிக்குச் சரி. நாளைக்கும் அவன்தான் குழாய்” என்றான். லீனோ ரத்தத்தைத் துப்பிக்கொண்டே தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

இன்று காலை அவர்கள் கரைக்கு வருமுன் பீப்பாயின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு அதைக் கோடாரியால் பிளந்தேன்.

ருஃபோ இப்போது வாசலில் நிற்கிறான். “கிழட்டுப் பிசாசே, வெளிய வா! பொழப்பையே ஒடச்சிட்டியே!” பக்கத்து வீட்டு பெனிட்டா, “இன்னும் சத்தமா, தம்பி! அவருக்கு ஒரு காது அவுட்டு” என்று எடுத்துக்கொடுக்கிறாள். இன்னொரு காதுக்கு எல்லாம் கேட்கிறது.

அமாவாசைக்குள் வேறு பீப்பாய் ஒட்டவைத்துத் தருவதாக வெல்டர் சொல்லியிருக்கிறான். அதற்குள் நீ எழுது, மகளே. அழு, மிரட்டு, என்ன வேண்டுமானாலும் செய். லீனோ கையில் குழாயைக் கொடுத்து இறங்கமாட்டேன் என்று ருஃபோவிடம் சத்தியம் வாங்கு. அவனுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

நீ நன்றாக இரு. உன் புருஷன் என்னை இப்படியே நாள்தோறும் தொண்டை கிழியத் திட்டிக்கொண்டிருக்க மாதா அருள் செய்யட்டும்.

உன் அப்பா,
அனஸ்தாசியோ