குமிழி நின்ற காலை

எப்போதும் சிரித்துக்கொண்டே கரையேறும் என் அப்பாவுக்கு,

நம் வெள்ளைக் கார் ஓடுகிறது, அப்பா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது. புதிது மாட்டிய பிறகும் எஞ்சின் கொதித்தது. "இன்னொரு தடவ சூடாச்சுன்னா எடைக்குப் போட்டுருவோம்க்கா" என்றார் மாமா. அம்மாவும் தலையாட்டிவிட்டாள். நீங்கள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும் காரின் இருக்கையில் உங்கள் கடல் வாடை போகவில்லை. அதை எப்படி எடைக்குப் போடுவது?

காரில் கிடந்த கையேட்டை மூன்று முறை படித்தேன். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாதாம். சனிக்கிழமை காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, வாசல் சரிவில் முன்பக்கம் மேலே இருக்கும்படி காரை நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, புனல் வைத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரை ஊற்றினேன். அம்மா எஞ்சினை ஓடவிட்டு, எல்லாக் குழாயிலும் உள்ள காற்று வெளியேற ஹீட்டரை முழுதாக வைத்தாள்.

"தூத்துக்குடி வெயில்ல ஹீட்டர் போடுத மொத ஆளு நான்தாம்ளா!"

எஞ்சின் சூடேற, மேல் ஹோஸைத் துணி சுற்றி அமுக்கினேன். புனலில் குமிழிகள் வந்தன. ஒரே ஒரு முறை, நீங்கள் சங்கு எடுக்கப் போன வள்ளத்தில் எங்களையும் ஏற்றிக்கொண்டீர்களே, அந்த நாள் ஞாபகம் வந்தது. காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு நீங்கள் முங்கியதும், "குமிழி வாரவரைக்கும் அப்பா நல்லாருக்காவ" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று குமிழி நின்றது. அம்மா அலறினாள். நீங்களோ வள்ளத்தின் மறுபக்கம் தலையைத் தூக்கி, "ஏளா, இங்கன இருக்கேன்" என்று சங்கை ஆட்டினீர்கள். அன்று முழுதும் அவள் உங்களோடு பேசவில்லை.

புனலில் குமிழி அடங்கியதும் நான் சந்தோஷத்தில் கத்தினேன்: "அம்மா, குமிழி நின்னுட்டு!"

எஞ்சின் அணைந்தது. அம்மா கதவைக்கூட மூடாமல் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். அப்புறம்தான், நின்றது புனல் குமிழிதான் என்று அவளுக்கும், என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கும் உறைத்தது.

"போளா, லூசு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். ஏன் அழுகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டுமா, அப்பா?

மறுபடி ஓடவிட்டு, குறைந்ததை ஊற்றி, மூடியை இறுக்கினோம். மாமாவையும் ஏற்றிக்கொண்டு ஏரல் வரை போய் வந்தோம். சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவில்லை. "சரிக்கா, கெடக்கட்டும்" என்றார் மாமா.

இனி வாரந்தோறும் தண்ணீரை நானே பார்ப்பேன். அடுத்த முறை காற்று வெளியேறி முடிந்ததும், "நெறஞ்சிட்டும்மா" என்றுதான் சொல்வேன். வேறெதுவும் சொல்ல மாட்டேன். சத்தியம்.

உங்கள் வள்ளத்தில் ஒரே ஒரு முறை ஏறிய மகள்,
ஜெனிட்டா