இரண்டே நாளில் முடிந்த வாரம்

மச்சா,

இன்று காலை பரணிலிருந்து பழைய கோப்பு ஒன்றை இறக்கினேன். இறக்கினேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இமயமலையைப் பெயர்த்து இறக்கிய களைப்பு. திறந்ததும் அந்த ஃபேக்ஸ் தாளின் வாடை, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் புளிப்பு. நார்வேக்காரன் அனுப்பியதெல்லாம் வெளுத்துப்போய் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஓரத்தில் நீ பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது: “உகே 34 என்றால் வாரம் 34. எந்த வாரம்?”

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் மாடி அறை. கீழே தையல் மெஷின்கள், மேலே நாம் இருவர். நீ கோபிச்செட்டிபாளையம், நான் வெள்ளகோவில். நார்வே ஆர்டர் தாளை ஆங்கிலத்தில் டைப் அடிப்பது உன் வேலை. உள்ளங்கை அளவு அகராதியை வைத்துக்கொண்டு கழுத்து, கை, கோடு, கட்டம் என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடிப்பாய். அதைப் பார்த்து உற்பத்தியை ஓட்டுவது என் வேலை. கூடவே உலக விஷயங்கள் அனைத்துக்கும் தீர்ப்புச் சொல்வதும். சம வயதுதான், ஆனாலும் “ங்க” போடாமல் நீ என்னிடம் பேசியதில்லை. படியில் படுத்திருக்கும் நாயிடமே “கொஞ்சம் தள்ளிக்கறீங்களா” என்று கேட்டவன் நீ.

“ஏனுங் மாப்ளே, இவங்க தேதியே போடமாட்டாங்களாட்ட இருக்குதுங்க. முப்பத்திநாலாவது வாரம் சரக்கு கெளம்போணும்னு மட்டும் போட்டிருக்குது.”

“மச்சா, அங்க ஆறு மாசத்துக்குச் சூரியனே வராது. பொழுது விடிஞ்சாத்தானே தேதி போடுவான்? அவனுக்கு எல்லாமே வாரக்கணக்குத்தான்.”

நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘வீக் 34’ என்று அடித்தாய். ஆங்கிலமாகிவிட்டது. ஆனால் அது எந்த நாள் என்று ஆங்கிலத்துக்கும் தெரியவில்லை. முதலாளியோ, “வீக்காவது கீக்காவது, தேதியச் சொல்லுங்கப்பா” என்று போய்விட்டார்.

சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டு எண்ணியது நான். அந்த வருடம் ஜனவரி முதல் தேதி வெள்ளிக்கிழமை. நம் கம்பெனியில் சனிக்கிழமையோடு வாரம் முடியும். ஆகவே அந்த வெள்ளியும் சனியும் சேர்ந்ததே முதல் வாரம் என்று ராஜமுத்திரை குத்தினேன்.

“ரெண்டே நாள ஒரு வாரம்னா ஞாயமுங்களா மாப்ளே? ஒரு ஃபேக்ஸ் உட்டுக் கேட்டுப்போடலாமுங்க.”

“வாரம் எண்ணத் தெரியலைனு நார்வேக்குச் சொல்லச் சொல்றியா? சரக்கு ஏறுறதுக்கு முன்னாடி கொங்கு நாட்டு மானம் கப்பலேறிப்போகும்!”

என் எண்ணிக்கைப்படி முப்பத்திநாலு, ஆவணி முதல் வாரத்தில் வந்து விழுந்தது. ஆடி முழுக்கக் காத்திருந்து, அதே வாரம் வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில்தான் கோபியில் உன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாய். சனிக்கிழமைக்குள் லாரி கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நார்வேக்காரனின் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து சரக்கைப் பரிசோதிக்க ஆள் வருவார். நார்வேத் தாளைப் படித்து அவருக்குச் சொல்ல உன்னை விட்டால் வேறு ஆளில்லை.

“பாப்பா அவ மாமன் மடியிலதானுங்க உக்காரப்போகுது. நான் இல்லாட்டி என்னங்க” என்றாய். ஆனால் அந்தக் குட்டிக் கம்மலை நீயே கோயம்புத்தூர் போய் வாங்கி, ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். எனக்கே நாலு தடவை பிரித்துக் காட்டினாய். வியாழக்கிழமை சாயங்காலம் அதை மச்சினனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வெறும் பையைத் தடவிக்கொண்டே மேலே ஏறி வந்தாய்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து அசந்துபோனார்.

“அவசரம்னு கூப்பிட்டீங்களேன்னு வந்தேனுங்க. ஆனா முப்பத்திநாலு, வர்ற திங்கக்கெழமைதானுங்களே ஆரம்பம்?”

கைப்பையிலிருந்து நார்வே டைரி ஒன்றை எடுத்து விரித்தார். ஒவ்வொரு வாரத்துக்கும் ஓரத்தில் எண் போட்டிருந்தது. வருடத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ, அதுதான் அவர்களுக்கு முதல் வாரமாம். என் இரண்டு நாள் வாரத்தை அவர்கள் பழைய வருடத்தோடு சேர்த்து வழியனுப்பியிருந்தார்கள். நமக்கு இன்னும் ஒரு முழு வாரம் கையில் இருந்தது.

நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். முகூர்த்தம் எப்போதோ முடிந்திருந்தது.

முதலாளி வந்தார். “வாரம் பூராம் ஆளுகளைப் போட்டு இந்தப் பாடு படுத்திப்போட்டீங்களே! ஆரு எண்ணுனது?”

நார்வே ராஜாவுக்கே புத்தி சொல்லத் தயாராக இருந்த நான், அப்போது வாயைத் திறக்கவில்லை.

“நாந்தானுங்க” என்றாய் நீ. “இங்கிலீசுல மாத்தறது என்ற வேலைதானுங்களே.”

மத்தியானம் என் மொபெட்டில் உன்னை ஏற்றிக்கொண்டு கோபிக்குப் போனேன். அத்தனை தூரம் நான் பேசாமல் போனது உலக சரித்திரத்திலேயே அந்த ஒரு முறைதான். பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாப்பா அழுது ஓய்ந்து தூங்கியிருந்தாள், காதிரண்டும் சிவந்திருந்தன. நீ கையை நீட்டினாய். வலிக்குமென்று நினைத்தாயோ என்னவோ, தொடாமலே இழுத்துக்கொண்டாய்.

“அப்படியென்னங்க வேலை, ஒரு நாளு உட்டுப்போட்டு வர முடியாதபடிக்கு?” என்றாள் உன் வீட்டம்மா.

நான் வாசலிலேயே நின்று, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

“கம்பெனி வேலைதான் கண்ணு. மாப்ளை சாப்படலை, மொதல்ல எலை போடு” என்றாய்.

நான் சாப்பிட்டேன் மச்சா. இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அங்கும் நான் சொல்லவில்லை. அதன்பின் எத்தனையோ வருடம் நீ பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாய். ஒரு தடவைகூட நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது நீ போய் மூன்று வருடமாகிறது.

அன்று வராத அந்தச் சொல் இப்போது நிற்கமாட்டேன் என்கிறது. வீட்டில் யாராவது “ஆரு?” என்று ஆரம்பித்தாலே போதும், நான் முந்திக்கொள்கிறேன். தண்ணி மோட்டாரை அணைக்காமல் விட்டது ஆரு? நாந்தானுங்க. மாடிக் கதவைத் திறந்து போட்டது ஆரு? நாந்தானுங்க. போன வாரம் நான் காங்கேயம் போய்த் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்கும் ஒத்துக்கொண்டேன்.

“ஊர்லயே இல்லாத மனுசன் எப்படிங்க பாலப் பொங்க உட்டீங்க?” என்கிறாள் என் வீட்டம்மா, உன் தங்கச்சி. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம்.

துணியை வாங்கி அடுப்பைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.