சபிதா கேட்ட இடம்

ஞாயிறு இரவு

தூக்கமே வரவில்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான்.

ஒடிசாவுக்கு ஊழியம் செய்யப் போகும் ஏழு போதகர்களுக்கு அருள்புரத்தில் மிஷனரிப் பயிற்சி கொடுத்துவருகிறேன். அவர்களுக்கு ஒடியா சொல்லித்தருபவள் சபிதா. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறாள்.

இன்று அந்த ஏழு பேரில் ஒருவரான காங்கேயத்துப் போதகர் ஒடியாவில் பிரசங்கம் செய்து காட்டினார். சபிதா கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா எங்க அம்மாவுக்குப் புரியாது. எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேசமாட்டாங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயா, எனக்கும் பயிற்சி குடுங்க. நான் போறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மாதமாக அவளிடம் படிக்கிறோம். அவளை மாணவியாக நினைத்ததே இல்லை.

"கமிட்டியக் கேக்கோணும் கண்ணு" என்று இழுத்தேன்.

காங்கேயத்துப் போதகர் எழுந்துவிட்டார். "கமிட்டி மாட்டேன்னா, என்ற எடத்தை இவிங்களுக்குக் குடுத்துருங்க ஐயா." அந்த இடத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தவர் அவர்.

இருவரில் யாரையும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் கமிட்டிச் செயலரிடம் போனில் பேசினேன். பெண்களைச் சேர்த்ததில்லையே என்றார். இப்போது சேர்ப்போம் என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்!

"சரிங்க, எட்டுப் பேரா நடத்துங்க" என்றார் செயலர்.

உடனே சபிதாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒடியாவில் என்னவோ கத்தினாள். மூன்று மாதம் படித்தும் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவளோடு தங்கியிருக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஆரவாரம் செய்தது மட்டும் நன்றாகக் கேட்டது.