கையசைத்த பெரியவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? கான்சாஸில் நான் நலம். காற்றாலை வேலையும் அப்படியே.

சனிக்கிழமை, கூட வேலை செய்யும் ட்ரெவரோடு, சுழல்காற்று பார்க்கக் காரில் புயல் துரத்தப் போனேன். பயப்படாதே, எங்களுக்குக் கீறல்கூட இல்லை. மழையில் ஊறிய மண்சாலையில் இறங்கக்கூடாது என்பது புயல் துரத்துகிறவர்களுக்குப் பாலபாடம். குறுக்குவழி என்று இறங்கினோம். வண்டி சேற்றில் புதைந்தது.

வயலுக்கு அப்பால் ஒரு பண்ணைவீடு. வாசலில் ஒரு பெரியவர், இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும்போல, மேகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்குள் மறைந்திருந்த சுழல்காற்று அவர் வீட்டை நோக்கித் திரும்புவது போன் ரேடாரில் எனக்குத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஹாரனை அமுக்கினேன். உள்ளே போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். அவரும் சாவகாசமாகக் கையசைத்தார்.

“போச்சுடா. இந்த வழியா போற புயல் பைத்தியமெல்லாம் ஹாரன் அடிச்சு டாட்டா காட்டும்ல, நம்மளையும் அப்படி நினைச்சுட்டாரு,” என்றான் ட்ரெவர்.

“வாய மூடிட்டு ஓடுடா,” என்றேன். அவரை நோக்கி ஓடினோம். சேறு என் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டது. பாதி வயலைத் தாண்டுவதற்குள் அந்த வீட்டின் கூரை போய்விட்டது.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிவு. நேற்று மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். “நீதானே அந்தத் தம்பி? நானும் கையசைச்சேனே, பாத்தியா?” என்றார்.

“பாத்தேன் ஐயா,” என்றேன்.

என் பழைய பூட்ஸை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும். என்னை வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். நெப்ராஸ்காவில் நம் வீட்டுப் பக்கம் வானம் கறுத்தால் நீயும் வாசலில்தான் நிற்பாய். நிலவறைக்குப் போம்மா. நான் இருக்கிற தூரத்திலிருந்து கத்தினாலும் உனக்குக் கேட்காது.

கோல்பி